பெண்ணுக்கு ஒரு பிஸ்டல்

கைத்துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழ் நாட்டாரின் நினைவில் எழுவது மணியாச்சி ரயில் சந்திப்பு. 1911-ஆம் வருஷம் ஜூன் மாதம் 17-ந் தேதியன்று அங்கே வாஞ்சிநாதன் கையிலிருந்த பிஸ்டல் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டு வீழ்த்திற்று. அடுத்த சில நிமிஷங்களில் அதே பிஸ்டல் வாஞ்சியின் உயிரையும் வாங்கிற்று. அதை விட்டால், சினிமாவில் கறுப்புக் கண்ணாடி அணிந்த வில்லன் நீட்டுகிற துப்பாக்கி. இந்த இரண்டுக்கும் நடுவே, குடும்பஸ்தர்கள் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசக்கூடிய துப்பாக்கி ஒன்றும் உண்டு என்பதை நாம் அநேகமாக நினைத்துப் பார்ப்பதில்லை.

ஆகையால்தான், சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளானூரில் என் வீட்டு வாசலுக்கு வந்த நண்பர், "ஸார்! நம் பெண்ணுக்கு ஒரு பிஸ்டல் வாங்கலாமென்று இருக்கிறேன். எது நல்லது?" என்று கேட்டதும், காப்பி கொண்டுவந்த என் மனைவி அதைக் கொடுக்காமலே உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

நண்பர் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். நாள் முழுதும் இரும்போடு பழகுகிறவர், பரம சாது. அவருடைய பெண் என்னிடம் படிக்கிறாள், வயது பதினைந்து. பள்ளிக்கூடத்து தேசிய மாணவர் படை முகாமில் சிறு ரகத் துப்பாக்கியால் சுடச் சொன்னபோது, ஐந்து குண்டையும் ஒரு ரூபாய் நாணயத்தால் ஏறக்குறைய மூடிவிடக் கூடிய இடத்தில் போட்டாளாம். அதற்குமுன் 1924-க்குச் சரியாக நூறு வருஷம் கழித்து ஒலிம்பிக் பந்தயம் மறுபடியும் பாரிஸுக்கு வந்த 2024-ஆம் வருஷத்தில், ஹரியானா மாகாணத்துக் கிராமமொன்றிலிருந்து போன மனு பாக்கர் என்னும் இருபத்திரண்டு வயதுப் பெண் பிஸ்டல் போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கியதையும் அவள் பார்த்திருந்தாள். துப்பாக்கி சுடுவதில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் பாரதப் பெண்மணி அவர். இரண்டு நாள் கழித்து சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து இன்னொரு வெண்கலமும் வாங்கினார். அன்று முதல் எங்கள் ஊர்ப் பெண்ணுக்குத் தூக்கத்திலும் குறிப்பலகைதான்.

"யாரோ ஒருவரிடம் பழைய ரிவால்வர் ஒன்று இருக்கிறதாம். மலிவாய்க் கொடுக்கிறேன் என்கிறார். போதாததற்கு இவள் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி இருக்கிறது" என்றார் நண்பர்.

சங்கிலியின் சொந்தக்காரி அன்று மாலையே வந்தாள். "அண்ணா! நீங்களே சொல்லுங்கள். சங்கிலி போனால் போகட்டும். வீட்டிலே ஆறு வயதுப் பிள்ளை ஒருவன் இருக்கிறானே! அந்தச் சனியனை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவேன்?" என்று கேட்டாள்.

நான் சரித்திர வாத்தியார். இளமையில் கல்லூரியில் மாணவர் படையில் இருந்தவன் என்பதைத் தவிர எனக்குத் துப்பாக்கியோடு சம்பந்தம் கிடையாது. ஆனால் ஒரு தாய் கேட்ட கேள்விக்கு விடை தெரியாது என்று சொல்லிவிட்டுப் படுத்தால் தூக்கம் வருமா? விசாரித்தேன், படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். அதன் பலனே இக்கட்டுரை.

முதலில் சட்டம்

சரித்திர வாத்தியாரானபடியால் சரித்திரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். 1878-ஆம் வருஷத்தில், லார்டு லிட்டன் காலத்தில், வெள்ளைக்கார சர்க்கார் ஆயுதச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும்; ஐரோப்பியனுக்கு வேண்டாம். சொந்த தேசத்தில் சொந்தப் பிரஜைகளை நம்பாத சட்டம் அது. அகிம்சையே உருவான காந்தியடிகள்கூட இந்த அவமானத்தைப் பொறுக்கவில்லை. 1930-ஆம் வருஷம் ஜனவரியில் உப்பு சத்தியாக்கிரகத்துக்கு முன்னால் அவர் சர்க்காரிடம் வைத்த பதினொரு கோரிக்கைகளுள், ஜனங்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. அடுத்த வருஷம் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும் ஒழுங்கு முறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இடம் பெற்றது.

சுதந்திரம் வந்த பிறகு நாமே நமக்குச் செய்துகொண்ட சட்டம் 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். அதில் வெள்ளை, கறுப்பு என்ற பேதம் இல்லை. ஆனால் கண்டிப்பு உண்டு. அந்தக் கண்டிப்பை நான் குறை சொல்லமாட்டேன். அந்நியன் நம்மை நம்பாததும், நாம் ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காகக் கட்டுப்பாடு விதித்துக் கொள்வதும் ஒன்றாகிவிடுமா?

இச்சட்டப்படி துப்பாக்கி லைசென்ஸ் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஜில்லாக்களில் கலெக்டரும், போலீஸ் கமிஷனர் உள்ள நகரங்களில் கமிஷனரும் லைசென்ஸ் தருகிறார்கள். போலீஸ் விசாரணை உண்டு. 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளக் கற்றுக்கொண்டதற்குச் சான்றிதழும் காட்ட வேண்டும். 2019-இல் செய்த திருத்தத்தின்படி சாதாரணப் பிரஜை ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. லைசென்ஸை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி உத்தரவு வருவதும் உண்டு.

"அப்படியானால் என் பெண் இன்னும் ஆறு வருஷம் காத்திருக்க வேண்டுமா?" என்று நண்பர் முகம் வாடினார். வேண்டியதில்லை. பன்னிரண்டு வயது நிறைந்த சிறுவர் சிறுமியர் குறி சுடும் பயிற்சி பெறுவதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிச் சங்கத்தில் சேர்ந்து, பயிற்சியாளரின் கண்ணெதிரில், சங்கத்துத் துப்பாக்கியால் சுடலாம். இதைத் தவிர, காற்றின் வேகத்தால் சுடும் துப்பாக்கிகளில் 0.177 அங்குலக் குழலுக்கு மேற்படாமலும், 20 ஜூல் சக்திக்கு மேற்படாமலும் உள்ளவற்றுக்கு லைசென்ஸே தேவையில்லை. பத்து மீட்டர் பந்தயத்துக்கு உபயோகிக்கும் காற்றுப் பிஸ்டல் இந்த வரம்புக்குள் அடங்கியதுதான்.

பழைய ரிவால்வரை விற்க முன்வந்த மனிதர் இந்தச் சமாசாரம் எதையும் என் நண்பரிடம் சொல்லவில்லை. லைசென்ஸ் கைக்கு வருமுன் அதைத் தொட்டு வாங்கியிருந்தால், பெண் ஒலிம்பிக்குக்குப் போகுமுன் தகப்பனார் சிறைக்குப் போயிருப்பார்.

விளிம்பில் இருக்கும் வெடி

இனி, வேட்டுத் துப்பாக்கிகளில் தொடக்கக்காரருக்கு ஏன் சிறு ரகமான 0.22 அங்குலப் பிஸ்டலையே எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

பெரிய ரகத் தோட்டாக்களில், நெருப்பு மூட்டும் மருந்து தோட்டாவின் அடியில் நட்டநடுவே ஒரு சிறு மூடிக்குள் இருக்கும். சிறு ரகத் தோட்டாவில் அப்படியில்லை. அடிப்பாகத்தைச் சுற்றி மடிந்திருக்கும் விளிம்புக்குள்ளேயே அந்த மருந்து பரவியிருக்கும். துப்பாக்கியின் அடிமுள் அந்த விளிம்பை நசுக்கியதும் தீப்பற்றி, உள்ளிருக்கும் வெடிமருந்து எரிந்து, குண்டு பாய்கிறது. பிரெஞ்சுக்காரரான புளோபேர் என்பவர் 1845-ஆம் வருஷ வாக்கில் இதற்கு மூலமான தோட்டாவைச் செய்தார். 1857-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் தங்கள் முதல் ரிவால்வரோடு அதைத் திருத்திக் கொண்டுவந்தார்கள். இன்று உலகமெங்கும் வழங்கும் 'லாங் ரைபிள்' தோட்டா 1887-இல் பிறந்தது. பெயரில் ரைபிள் இருந்தாலும் பிஸ்டலுக்கும் அதேதான்.

இதிலுள்ள ஈயக் குண்டின் எடை ஏறக்குறைய 2.6 கிராம். சுட்டால் கை பின்னுக்கு உதைபடுவது வெகு சொற்பம், சத்தமும் குறைவு. புதிதாகக் கற்கிறவர்களின் பெரிய சத்துரு உதைப்பு அல்ல, உதைப்பைக் கண்ட பயம். வேட்டுக் கேட்குமுன்னே கண் இமைக்கும், மணிக்கட்டு இறுகும், குண்டு பலகைக்குக் கீழே போகும். இந்தப் பயம் ஒருமுறை பழகிவிட்டால் அதைக் கழற்றுவது பெரும் பாடு. சிறு ரகத் துப்பாக்கியில் அது பழகுவதற்கு இடம் குறைவு.

சிறு ரகம் என்பதால் அலட்சியமும் கூடாது. இந்தச் சின்னக் குண்டு ஒரு மைல் தூரம்வரை போகக்கூடியது, உயிரைப் போக்கக்கூடியது. சுட்டும் வெடிக்காத தோட்டாவை உடனே வெளியே எடுக்கலாகாது. சில சமயம் தாமதித்து வெடிப்பதுண்டு. குழலைப் பலகைப் பக்கமே நீட்டியபடி அரை நிமிஷமாவது பொறுத்திருக்க வேண்டும். இன்னொன்று: தோட்டா போடாமல் வெறுமனே விசையை இழுத்துப் பழகினால், சில துப்பாக்கிகளில் அடிமுள் குழலின் ஓரத்தில் மோதி முனை கெடும். அப்படிப் பழகுவதற்கென்றே போலித் தோட்டாக்கள் விற்கிறார்கள்.

எதைப் பார்த்து எடுப்பது?

சர்வதேச விதிகளே இதற்கு நல்ல வழிகாட்டி. 25 மீட்டர் பந்தயத்துக்குரிய பிஸ்டல் 1,400 கிராமுக்கு மேல் கனக்கக் கூடாது. குழல் 153 மில்லிமீட்டருக்கும், முன் குறிமுள்ளிலிருந்து பின் பிளவு வரையுள்ள தூரம் 220 மில்லிமீட்டருக்கும் மேற்படக் கூடாது. பெண்கள் போட்டியில் விசை 1,000 கிராம் எடையையாவது தாங்க வேண்டும். தொட்டவுடன் சுட்டுவிடக் கூடாது என்பது கருத்து. ஒற்றைக் கையால் மட்டுமே பிடித்துச் சுட வேண்டும். அறுபது குண்டுகளில் முப்பது நிதானமாகவும், முப்பது வேகமாகவும் சுடுகிறார்கள். வேகப் பகுதியில் குறி மூன்று விநாடிக்கு மட்டும் அனுமதி தரும். ஏழு விநாடி ஓய்ந்து, மறுபடி மூன்று விநாடி. கீழே தாழ்த்திய கையை அந்த மூன்று விநாடிக்குள் தூக்கிக் குறிபார்த்து ஒரே ஒரு குண்டு சுட்டாக வேண்டும்.

இதிலிருந்து தெரிவது என்ன? பழைய ரிவால்வர் சட்டைப்பைக்காகச் செய்தது, பந்தயத்துக்காகச் செய்ததல்ல. குழல் குட்டை, குறிமுள் அசையாதது, விசையோ கிணற்றில் தண்ணீர் சேந்துவது போல் இழுக்க வேண்டியது. அதை வைத்துக்கொண்டு குறி சுடக் கற்பது, உடைந்த ஆர்மோனியத்தில் சங்கீதம் கற்பது போலத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது பிடி. துப்பாக்கி நம் கைக்குப் பொருந்த வேண்டும். நாம் அதற்குப் பொருந்துவதற்கில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கிக் குறிக்கு நேரே நீட்டி, பிறகு கண்ணைத் திறந்து பார்த்தால் முன்முள் பின்பிளவின் நடுவே தானாக வந்து நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்து நின்றால் அந்தப் பிடி உங்களுக்கு ஆகாது. பந்தயப் பிஸ்டல்களில் மரப்பிடி தனியாகக் கழலும். சிறிது, பெரிது, இடக்கை, வலக்கை என்று வகைகள் உண்டு. விரற்கடை அளவு மரத்தைச் சீவியோ, பசை கலந்த மரத்தூள் வைத்து ஒட்டியோ சரிசெய்து கொள்வார்கள்.

இரண்டாவது விசை. ஆள்காட்டி விரலின் முதற் கணு அதில் இயல்பாகப் படிய வேண்டும். இழுக்கையில் சொரசொரப்பு இல்லாமல், ஓர் இடத்தில் தடை தெரிந்து, அதற்குப் பின் கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சட்டென்று விட வேண்டும். மூன்றாவது குறிமுள்: பின்பிளவை மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருகிச் சரிசெய்யக் கூடியதாக இருத்தல் அவசியம். நான்காவது தோட்டா. ஒரே ரகத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் ஒத்துக்கொள்வதில்லை. சிலவகை வாங்கிச் சுட்டுப் பார்த்து, எது ஒரே இடத்தில் கூட்டமாக விழுகிறதோ அதையே தொடர்ந்து உபயோகிக்க வேண்டும். ஒலியின் வேகத்தைத் தாண்டாத மிதவேகத் தோட்டாவே பந்தயத்துக்கு உகந்தது.

வால்தர், பர்தினி, மொரினி, ஹாம்மர்லி, ஸ்டெயர் என்று உலகப் புகழ் பெற்ற கம்பெனிகள் இருக்கின்றன. யாவும் ஐரோப்பிய சரக்கு. நம் நாட்டில் சாதாரணப் பிரஜை கடைக்குப் போய் அவற்றைப் புதிதாக வாங்கி வந்துவிட முடியாது. தேசியப் போட்டிகளில் குறித்த தகுதி பெற்ற சுடுநர்களுக்கே அவற்றைத் தருவிக்கச் சலுகை உண்டு. ஆகவே "எந்தப் பிஸ்டல் வாங்குவது?" என்ற கேள்விக்குப் பதில் கடையில் இல்லை, குறிப்பலகையில் இருக்கிறது. முதலில் புள்ளிகள், பிறகு பிஸ்டல்.

சங்கத்தில் ஒரு காலை

இவ்வளவும் படித்துவிட்டு, நண்பரையும் அவர் மனைவியையும் பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஒரு துப்பாக்கிச் சங்கத்துக்குப் போனேன். தாயார் வருவதற்கு முதலில் இசையவில்லை. "பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்லம்மா" என்றேன், வந்தாள்.

அங்கே நாங்கள் எதிர்பார்த்தது வேட்டுச் சத்தம், கண்டது மௌனம். பத்துப் பன்னிரண்டு சிறுவர் சிறுமியர் வரிசையாக நின்று கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் பிஸ்டலைத் தூக்குவதும், மூச்சை அடக்குவதும், சுடாமலே கீழே இறக்குவதுமாக இருந்தார்கள். "ஏன் சுடவில்லை?" என்று பயிற்சியாளரிடம் கேட்டேன். "கை நிலைக்கவில்லை யென்றால் இறக்கிவிட வேண்டும், ஸார். சுடாமல் இறக்கத் தெரிந்தவன்தான் சுடத் தெரிந்தவன்" என்றார். பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக நான் சொல்லிக் கொடுக்க முயன்று தோற்றுப்போன பாடம் அது.

எங்கள் ஊர்ப் பெண்ணின் கையில் முதலில் சிறு ரக வேட்டுப் பிஸ்டலைத் தோட்டா இல்லாமல் கொடுத்தார். நீட்டிய கை இருபது விநாடியில் நடுங்கத் தொடங்கியது. முகாமில் தரையில் படுத்து, மணல் மூட்டைமேல் தாங்கிச் சுட்டது வேறு. நின்றுகொண்டு ஒற்றைக் கையில் ஏந்துவது வேறு. அடுத்தபடி காற்றுப் பிஸ்டல். பத்து மீட்டர் தூரத்தில் பலகையின் மையப் பத்து 11.5 மில்லிமீட்டர் அகலந்தான். ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அவள் சுட்ட பத்தில் இரண்டு பலகையிலேயே படவில்லை. கண்ணில் நீர் தளும்பியது.

பயிற்சியாளர் அவளை அதட்டவுமில்லை, தேற்றவுமில்லை. கரோலி தகாக்ஸ் என்ற ஹங்கேரிய வீரரின் கதையைச் சொன்னார். 1938-இல் கைகுண்டு ஒன்று வெடித்து அவருடைய வலது கை போய்விட்டது. சுடுகிற கை அதுதான். யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழகினார். யுத்தத்தினால் இரண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் நின்று போயின. 1948-இல் லண்டனிலும், 1952-இல் ஹெல்ஸிங்கியிலும் 25 மீட்டர் விரைவுப் பிஸ்டல் போட்டியில் தங்கம் வாங்கினார். அதே போட்டியில்தான் 2012-இல் லண்டனில் நம் ராணுவத்தைச் சேர்ந்த விஜய்குமார் வெள்ளி வாங்கினார். அவர் சுட்டதும் இதே சிறு ரகத் தோட்டாவே. மனு பாக்கர் மட்டும் என்ன? 2021-இல் நடந்த டோக்கியோப் பந்தயத்தில் அவருடைய பிஸ்டல் நடுவில் பழுதாகி, நேரம் வீணாகி, இறுதிச் சுற்றுக்கே போக முடியாமல் கண்ணீரோடு திரும்பினார். பாரிஸ் அதற்குப் பிறகு வந்தது.

தாயார் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். கடைசியில் அவளுடைய கேள்வியைக் கேட்டாள்: "இந்தத் துப்பாக்கிகளை ராத்திரி எங்கே வைப்பீர்கள்?"

பயிற்சியாளர் அவளை உள்ளே அழைத்துப் போய், சுவரோடு பதித்த இரும்புப் பெட்டியைக் காட்டினார். துப்பாக்கி ஒரு பெட்டி, தோட்டா இன்னொரு பெட்டி, சாவிகள் தனித்தனி, எடுத்ததற்கும் வைத்ததற்கும் பதிவுப் புத்தகம். நாற்பது தோட்டா கொடுத்தால் நாற்பது காலிக் கூடு திரும்பி வரவேண்டும். அவள் அந்தப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். வீட்டுக் கணக்கு எழுதும் பெண்மணிக்குப் பிழையில்லாத கணக்கைக் கண்டால் உண்டாகும் மரியாதை அவள் முகத்தில் தெரிந்தது.

"இங்கேயே இருக்கட்டும், அண்ணா. இவள் இங்கே வந்து சுடட்டும்" என்றாள்.

முடிவாக

வாசகர்களில் யாருக்கேனும் இதே கேள்வி எழுந்தால் என்னுடைய யோசனை இதுதான். முதல் வருஷம் எந்தத் துப்பாக்கியும் வாங்கவேண்டாம். லைசென்ஸ் பெற்ற சங்கத்தில் சேருங்கள். பத்து மீட்டர் காற்றுப் பிஸ்டலில் தொடங்குங்கள். நல்ல பந்தயப் பிஸ்டல் காற்றுப் பிஸ்டலானாலும் விலை இலட்ச ரூபாயைத் தாண்டும். சங்கத்துக்கோ மாதச் சந்தா மட்டுமே. கை நிலைத்து, மனம் நிலைத்து, பயிற்சியாளர் தாமாகச் சொல்லும்போது, சங்கத்தின் சிறு ரகப் பிஸ்டலில் 25 மீட்டருக்குப் போங்கள். எந்தப் பிடி பொருந்துகிறது, எந்த விசை ஒத்துக்கொள்கிறது என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும். வாங்குவதென்றால் அப்போது வாங்கலாம். வாங்கியதையும் சங்கத்திலேயே பூட்டி வைக்க முடியுமா என்று விசாரியுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் துப்பாக்கிக்கு ஏற்ற இடம் அந்த வீடு அல்ல.

தேசிய ரைபிள் சங்கத்தை 1951-இல் தோற்றுவித்தபோது முன்னின்றவர் நம் லோக்சபையின் முதல் சபாநாயகரான ஜி. வி. மாவ்லங்கர். காந்தியடிகளின் வழியில் நின்று சிறை சென்ற ஒருவர் துப்பாக்கிச் சங்கத்துக்குத் தலைவராக இருந்தது எனக்கு முன்பெல்லாம் வேடிக்கையாகத் தோன்றும். சுடாமல் கையை இறக்கும் அந்தச் சிறுவர்களைப் பார்த்த பிறகு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் ஊர்ப் பெண் இப்போது வாரத்தில் இரண்டு நாள் சங்கத்துக்குப் போகிறாள். மற்ற நாட்களில் சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று, ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்து நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறாள். இருபது விநாடியில் நடுங்கிய கை இப்பொழுது ஒரு நிமிஷம் நிற்கிறது. பக்கத்தில் அவள் தம்பியும் ஒரு காலிப் புட்டியை நீட்டிக்கொண்டு நிற்கிறான். கடிகாரத்தைப் பார்த்து விநாடி எண்ணுகிறவள் தாயார்; இரட்டை வடச் சங்கிலி அவள் கழுத்தில்தான் இருக்கிறது.